மழைக்கு ஒரு வழி, கழிவுக்கு ஒரு வழி



திருவனந்தபுரம் நகரில் கிழக்கேகோட்டை என்ற இடம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றி எழுந்த கோட்டையின் கிழக்கு வாசல் அது. பக்கத்தில் பஸ் நிலையம். கொஞ்ச தூரத்தில் பழவங்காடி பிள்ளையார் கோயில். எதிரே சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான கடைத்தெரு அது. அரிசி, பருப்பு, பாத்திரம், பூ என்று எல்லாம் கிடைக்கும். தமிழ் பேசும் வியாபாரிகளும் சுமைதூக்கும் தொழிலாளர்களும் அங்கே நிறையப் பேர்.

அந்த ஊருக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. பெருமழை பெய்தால் கிழக்கேகோட்டையிலும் பக்கத்துத் தம்பானூரிலும் தண்ணீர் தேங்கும். கடைக்குள் தண்ணீர் ஏறும். மக்கள் முழங்கால் தண்ணீரில் நடந்து போவார்கள்.

இந்தத் தண்ணீர் வெறும் மழைத் தண்ணீர்தானா?

இல்லை. பல நேரங்களில் அதில் சாக்கடையும் கலந்திருக்கிறது. பாதாளச் சாக்கடையின் மூடி வழியாகக் கழிவுநீர் பொங்கி வருகிறது. தாழ்வான வீடுகளில் கழிப்பறை வழியாகவே திரும்பி வருகிறது. ஏன் இப்படி நடக்கிறது? தெருவில் நிற்கும் தண்ணீருக்கும், பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் என்ன தொடர்பு? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

இரண்டு தண்ணீர், இரண்டு வழி

ஒரு நகரத்தில் இரண்டு வகைத் தண்ணீர் வெளியேற வேண்டும்.

ஒன்று மழைநீர். கூரையில் விழுவது, தெருவில் ஓடுவது. இது மழைநீர் வடிகால் வழியாக ஓடைக்குப் போக வேண்டும். கிழக்கேகோட்டைப் பகுதியில் தெக்கனம்கரைக் கால்வாயும் ஆமையிழஞ்சான் தோடும் இந்த வேலையைச் செய்கின்றன. தோடு என்றால் மலையாளத்தில் ஓடை. ஆமையிழஞ்சான் தோடு நகரத்தின் நடுவே ஓடி ஆக்குளம் காயலில் சேர்கிறது. அங்கிருந்து கடல்.

இன்னொன்று கழிவுநீர். கழிப்பறை, குளியலறை, சமையலறையிலிருந்து வருவது. இது மண்ணுக்கு அடியில் இருக்கும் குழாய் வழியாகப் போக வேண்டும். இதைத்தான் பாதாளச் சாக்கடை என்கிறோம். திருவனந்தபுரத்தில் இந்த ஏற்பாடு மன்னராட்சிக் காலத்தில், 1940களில் செயல்படத் தொடங்கியது. அன்று கோட்டைப் பகுதியும் அதைச் சுற்றியுள்ள இடங்களும்தான் நகரம். கழிவுநீரைக் கடலோரம் வலியதுறைப் பக்கம் கொண்டுபோய், பண்ணையில் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள்.

நகரம் வளர்ந்தது. பண்ணை போதவில்லை. 2013-இல் முட்டத்தறையில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. கேரள நீர் ஆணையம் அதை நடத்துகிறது. ஒரு நாளைக்கு 10 கோடியே 70 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் அளவுக்கு அது கட்டப்பட்டது. 10,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகள் 10,700 வந்தால் எவ்வளவோ, அவ்வளவு.

இவ்வளவு பெரிய நிலையம் இருக்கும்போது மழைக்கு ஏன் பயப்பட வேண்டும்? காரணம் இருக்கிறது. நிலையம் பெரிதாக இருக்கலாம். ஆனால் அங்கே கொண்டுபோகும் குழாய்க்கும், தள்ளிவிடும் பம்புக்கும் ஓர் அளவு உண்டு. பழைய நகரத்தில் பழைய குழாய்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடிவரும் கழிவுநீரைக் குரியாத்தி போன்ற நீரேற்று நிலையங்களில் சேர்த்து, பம்பு வைத்துத் தள்ள வேண்டும். குடம் பெரிது. ஆனால் புனல் சிறிது. அவசரமாக ஊற்றினால் வெளியேதான் சிந்தும்.

ஒரு கூரையின் கணக்கு

குழாயின் அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்? மக்கள் எத்தனை பேர், ஒருவர் எவ்வளவு தண்ணீர் செலவழிப்பார் என்று கணக்குப் போடுகிறார்கள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள். அதற்காக, பெரிய நகரங்களில் சராசரியைப் போல் இரண்டு மடங்கு ஓட்டத்துக்கு இடம் வைப்பார்கள். சிறிய ஊர்களில் மூன்று மடங்கு வரை வைப்பார்கள். மழைநீருக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அதற்குத்தான் வேறு வடிகால் இருக்கிறதே!

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நகரத்துக்கான கணக்கு. அதில் 100-க்கு 80 பங்கு கழிவுநீராக வெளியே போகும். அப்படியென்றால் அந்த வீட்டின் கழிவுநீர் ஒரு நாளைக்கு 540 லிட்டர்.

அந்த வீட்டின் மொட்டைமாடி 1,000 சதுர அடி. ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை கொட்டுகிறது. மாடியில் விழும் தண்ணீர் எவ்வளவு தெரியுமா? சுமார் 4,650 லிட்டர். அந்தக் குடும்பத்தின் எட்டு நாள் கழிவுநீரைவிட அதிகம். எட்டு நாளில் வர வேண்டியது ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கிறது.

இந்த மாடிக் குழாயை ஒருவர் பாதாளச் சாக்கடையில் இணைத்துவிடுகிறார். 'தண்ணீர் போனால் போதும்' என்று நினைக்கிறார். என்ன ஆகும்?

அந்தப் பகுதியில் நூறு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு வீட்டின் கழிவுநீர் சராசரியாக மணிக்கு 2,250 லிட்டர். இந்த ஒரே மாடியின் தண்ணீர் 4,650 லிட்டர். இரண்டையும் கூட்டினால் 6,900 லிட்டர். அதாவது வழக்கமான ஓட்டத்தைப் போல் மூன்று மடங்கு! குழாய்க்கு இருப்பதோ இரண்டு மடங்குக்குத்தான் இடம்.

நன்றாகக் கவனியுங்கள். நூறு வீடும் தவறு செய்ய வேண்டியதில்லை. நூற்றில் ஒரு வீடு போதும். குழாய் நிரம்பிவிடும். நிரம்பிய குழாயில் கழிவுநீர் எங்கே போகும்? பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகும். மாடிக் குழாயை இணைத்தவர் மேட்டில் இருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பள்ளத்தில் வாடகை வீட்டில் இருப்பவர்தான் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்.

தெருவில் தண்ணீர் தேங்கும்போது சிலர் கடப்பாரை வைத்துப் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போகும். நல்ல காரியம் செய்ததாகத் தோன்றும். உண்மையில் ஒரு தெருவின் வெள்ளம், மணல், பிளாஸ்டிக் எல்லாம் சாக்கடைக் குழாய்க்குள் போகிறது. சிறிது நேரத்தில் அடுத்த தெருவில் பொங்குகிறது. தண்ணீருக்கு அடியில் திறந்த குழி இருப்பது வருபவர் கண்ணுக்குத் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே குழி இருப்பதே தெரியாமல் ஒருவர் காலை விடுகிறார். குழந்தையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பது என்ன?

குழாயில் அடங்கிய தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே என்ன செய்கிறார்கள்?

முதலில் கம்பிச் சல்லடை. துணி, பிளாஸ்டிக், குச்சி இதில் நிற்கும். அடுத்து மணல் படியும் தொட்டி. அதற்கடுத்துக் காற்றுத் தொட்டி. இதுதான் முக்கியமான இடம்.

காற்றுத் தொட்டியில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அழுக்கைத் தின்பது இவைதான். இவை மூச்சுவிடத் தண்ணீருக்குள் இடைவிடாமல் காற்றை ஊதுகிறார்கள். பிறகு தண்ணீர் தெளியும் தொட்டிக்குப் போகும். அங்கே நுண்ணுயிர்கள் சேறு போல அடியில் படியும். மேலே தெளிந்த நீர் வெளியே போகும். அடியில் படிந்த சேற்றில் பெரும்பகுதியைத் திரும்பவும் காற்றுத் தொட்டிக்கே அனுப்புவார்கள்.

ஏன் திரும்ப அனுப்ப வேண்டும்? வீட்டில் தயிர் தோய்ப்பதை நினைத்துப் பாருங்கள். கொஞ்சம் உறைமோர் எடுத்து வைத்தால்தான் நாளைக்குத் தயிர். உறைமோரையும் கொட்டிவிட்டால் நாளைக்குப் பால் பாலாகவே இருக்கும். அந்தச் சேறுதான் சுத்திகரிப்பு நிலையத்தின் உறைமோர்.

பெருமழையின்போது தண்ணீர் வேகமாக வருகிறது. பல மணி நேரம் நிற்க வேண்டிய தண்ணீர் சீக்கிரமாக ஓடிவிடுகிறது. நுண்ணுயிர்களுக்கு அழுக்கைத் தின்ன நேரம் இல்லை. தெளியும் தொட்டியில் சேறு படியவும் நேரம் இல்லை. தண்ணீரோடு அதுவும் அடித்துக்கொண்டு போகிறது. உறைமோர் போய்விட்டது! மழை ஒரு நாளில் நின்றுவிடும். ஆனால் நுண்ணுயிர்கள் மறுபடி பெருகப் பல நாட்கள் ஆகும். சில நேரம் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அழுக்குத் தண்ணீர் சரியாகச் சுத்தமாகாது. அது போய்ச் சேருவது கால்வாயும் காயலும் கடலும். அங்கே மீன் பிடிப்பவர் இருக்கிறார். குளிப்பவர் இருக்கிறார்.

மழை நாளில் நிலையத்தைக் காப்பது எப்படி?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். நல்ல நிலையத்தில் மழைக்காலத்துக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். மணல் தொட்டியைக் காலி செய்வார்கள். சல்லடையைச் சரிபார்ப்பார்கள். கூடுதல் பம்பை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். மழை நாளில் மின்சாரம் போகும். ஆகவே ஜெனரேட்டருக்கு டீசல் நிரப்பி வைப்பார்கள்.

மழை தொடங்கியதும் சல்லடையில் குப்பை குவியும். அடிக்கடி வாரி எடுக்க வேண்டும். சல்லடை அடைத்தால் பின்னால் ஊரே அடைத்துக்கொள்ளும். எல்லாத் தொட்டிகளையும் திறந்து தண்ணீரைச் சமமாகப் பிரித்துவிடுவார்கள். ஒரே தொட்டியில் பாரம் விழக் கூடாது.

உறைமோரைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. வழக்கமாகக் கழிவுநீரைக் காற்றுத் தொட்டியின் முன்பக்கம் விடுவார்கள். பெருமழையின்போது அதைத் தொட்டியின் கடைசிப் பகுதியில் விடுவார்கள். அப்போது முன்பகுதியில் நுண்ணுயிர்ச் சேறு அடித்துப் போகாமல் பத்திரமாக இருக்கும். தண்ணீர் முழுதாகச் சுத்தமாகாது. ஆனால் நாளைக்கு வேலை செய்ய நுண்ணுயிர்கள் மிஞ்சும்.

இடம் உள்ள நிலையங்களில் மழைத்தொட்டி கட்டுகிறார்கள். அளவுக்கு மீறி வரும் தண்ணீரை அதில் தேக்கிவைப்பார்கள். மழை நின்றபின், இரவில் ஓட்டம் குறையும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சுத்தம் செய்வார்கள்.

இவ்வளவும் செய்யலாம். ஆனால் ஊர் முழுவதன் மழையையும் விழுங்க எந்த நிலையத்தாலும் முடியாது. மழைநீரைக் குழாய்க்குள் விடாமல் இருப்பதுதான் முதல் மருந்து.

லண்டன் சொல்லும் பாடம்

சில பழைய நகரங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. லண்டன் அப்படிப்பட்ட நகரம். 1858-ஆம் ஆண்டு கோடையில் தேம்ஸ் நதி சாக்கடையாக நாறியது. ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றத்தில் உட்கார முடியவில்லை. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதன்பிறகு ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் பெரிய சாக்கடைகளைக் கட்டினார். காலரா ஒழிந்தது.

ஆனால் குழாய் ஒன்றுதான். நகரம் பெருகப் பெருக, மழை பெய்தால் சாக்கடை மறுபடி ஆற்றில் வழிந்தது. இதைத் தடுக்க ஆற்றுக்கு அடியில் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் தோண்டினார்கள். அகலம் 7 மீட்டருக்கு மேல். 2025-இல்தான் அது முழுமையாக இணைக்கப்பட்டது. இரண்டு தண்ணீரையும் ஒன்றாக விட்டதற்கு, நூற்றைம்பது ஆண்டு கழித்தும் லண்டன் விலை கொடுக்கிறது. திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இரண்டுக்கும் தனித்தனி வழி இருக்கிறது. இருக்கும் வழியைக் கெடுக்காமல் இருப்பதுதான் வேண்டியது.

ஓடை அடைத்தால் எல்லாம் அடைக்கும்

மழைநீரைச் சாக்கடையில் விடாதே என்றால், 'வேறு எங்கே விடுவது? வடிகால் அடைத்துக் கிடக்கிறதே' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் அரசு ஒரு பெரிய வேலையைத் தொடங்கியது. கிழக்கேகோட்டை, தம்பானூர் பகுதிகளில் வெள்ளம் தேங்குவதைத் தடுப்பதே நோக்கம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் பயன்படுத்தினார்கள். கால்வாய்களின் மேல் கட்டியிருந்த ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். கால்வாய்களில் சேர்ந்திருந்த சேற்றையும் குப்பையையும் அள்ளினார்கள்.

ஆனால் ஓடையை ஒருமுறை தூர்வாரினால் போதாது. வீட்டைத் தினமும் பெருக்குகிறோம் அல்லவா? அதுபோலத்தான். குப்பை போடுவது நின்றால்தான் ஓடை ஓடும்.

2024 ஜூலை 13-ஆம் தேதி ஒரு துயரம் நடந்தது. தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஆமையிழஞ்சான் தோடு ஒரு சுரங்கம் போல ஓடுகிறது. அங்கே குப்பையை அகற்ற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறங்கினார். மழை வலுத்தது. தண்ணீர் திடீரென்று பெருகியது. அவரை அடித்துச் சென்றது. தீயணைப்புப் படையினர் தேடினார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் தேடினார்கள். ஆளுயரக் குப்பை வழியை அடைத்தது. எந்திர மனிதனையும் இறக்கித் தேடினார்கள். ஜூலை 15-ஆம் தேதி தகரப்பறம்பில் அவருடைய உடல் கிடைத்தது. கிழக்கேகோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரம்தான்.

அவர் அள்ளப் போன குப்பை யாருடையது? டீக்கடையின் கப், வீட்டின் பிளாஸ்டிக் பை, பயணிகளின் தண்ணீர் பாட்டில். போட்ட கைகள் ஆயிரம். அள்ளப் போனது ஒரு கை.

குழிக்குள் மனிதரை இறக்காதீர்கள்

மழைக்குப் பிறகு பாதாளச் சாக்கடை அடைத்துக்கொள்ளும். 'யாரையாவது இறக்கிச் சரிசெய்' என்று சத்தம் போடுவோம். இது சட்டப்படி குற்றம். உயிருக்கு ஆபத்து.

சாக்கடைக்குள் விஷவாயு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை, ஆபத்து இல்லை என்று நினைத்து இறங்கியவர் எழுந்து வரமாட்டார். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் குழிக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் இறந்தார்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதைத் தடைசெய்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

மாற்று வழியும் இருக்கிறது. திருவனந்தபுரத்து இளம் பொறியாளர்கள் குழி சுத்தம் செய்யும் எந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். அதற்குப் 'பண்டிகூட்' என்று பெயர். அதாவது பெருச்சாளி. 2018-இல் திருவனந்தபுரத்தில் அது வேலையைத் தொடங்கியது. இன்று வேறு பல ஊர்களிலும் வேலை செய்கிறது. குழிக்குள் இறங்க வேண்டியது எந்திரம். மனிதர் மேலே நின்று அதை இயக்கினால் போதும்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. உங்கள் மாடிக் குழாய் எங்கே போகிறது என்று இன்றே பாருங்கள். பாதாளச் சாக்கடையில் இணைந்திருந்தால் பிரித்துவிடுங்கள். மழைநீரைத் தொட்டியிலோ கிணற்றிலோ சேமியுங்கள். மிஞ்சுவதை மழைநீர் வடிகாலில் விடுங்கள்.

2. தெருவில் தண்ணீர் தேங்கினாலும் சாக்கடை மூடியைத் திறக்காதீர்கள். மூடி உடைந்திருந்தால், அந்த இடத்தில் ஒரு கொம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். கேரள நீர் ஆணையத்துக்கு 1916 என்ற எண்ணில் தெரிவியுங்கள்.

3. எண்ணெய், துணி, பிளாஸ்டிக், மாதவிலக்குத் துணி எதையும் கழிப்பறையில் போடாதீர்கள். எண்ணெய் குழாய்க்குள் உறைந்து கட்டியாகிவிடும்.

4. வெள்ளத்தில் நடந்தால் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் பலர் இந்த நோய்க்கு ஆளானார்கள். காய்ச்சலோ உடல்வலியோ வந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

5. மழைக்காலத்துக்கு முன்பே தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். வடிகால் எங்கே அடைத்திருக்கிறது, எந்த மூடி உடைந்திருக்கிறது என்று குறிப்பிடுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நகராட்சிக்குக் கொடுத்து ரசீது வாங்குங்கள். எழுதப் படிக்கக் கற்றதன் பயன் இதுதான்.

நண்பர்களே! மழையை யாரும் நிறுத்த முடியாது. நிறுத்தவும் வேண்டாம். மழை இல்லாமல் குடிக்கத் தண்ணீர் ஏது? மழைக்கு ஒரு வழி விடுவோம். கழிவுக்கு ஒரு வழி விடுவோம். இரண்டையும் கலக்காமல் இருந்தால் பள்ளத்து வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

சிந்தித்துப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டு மழைநீர் எங்கே போகிறது? கழிவுநீர் எங்கே போகிறது?
2. உங்கள் மாடியின் நீள அகலம் என்ன? 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் விழும்?
3. உங்கள் தெருவில் திறந்து கிடக்கும் சாக்கடை மூடி உண்டா? அதைப் பற்றி யாருக்கு எழுதுவீர்கள்?